தம்பிகள் வென்ற கோப்பை

டுராண்ட் கோப்பையை வென்ற அணிகளின் பட்டியலை 1950ஆம் ஆண்டிலிருந்து படித்துக்கொண்டு வந்தால், முதல் ஐந்து வரிகளில் வியக்க எதுவும் இல்லை. ஹைதராபாத் சிட்டி போலீஸ், ஈஸ்ட் பெங்கால், மறுபடி ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், மறுபடி ஹைதராபாத் சிட்டி போலீஸ். கல்கத்தாவும் ஹைதராபாத்தும் இந்தியக் கால்பந்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆறாவது வரியில், 1955க்கு எதிரே, 'மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர்' என்று இருக்கிறது. 1958க்கு எதிரே மீண்டும் அதே பெயர்.

அந்த அணியின் ஊர் நம் வெலிங்டன். ஊட்டி போகும் மலை ரயில் குன்னூரை விட்டுக் கிளம்பியதும் வருகிற முதல் ஸ்டேஷன். ராணுவக் குடியிருப்பும் தேயிலைச் சரிவும் கலந்து கிடக்கும் சின்ன ஊர். மலைக்காரர்கள் 'எம்.ஆர்.சி.' என்று மூன்றெழுத்தில் சொல்லிவிட்டுப் போகும் அந்தப் பயிற்சி மையம், இந்தியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியை இரண்டு முறை வென்றிருக்கிறது. தமிழ்நாட்டில் இருப்பிடம் கொண்ட வேறெந்த அணிக்கும் அந்தக் கோப்பை இதுவரை கிட்டவில்லை. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பையைத் தமிழ்நாடு ஒருமுறைகூட வென்றதில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெலிங்டன் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும். இந்தக் கதையை நீலகிரியின் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தரவே இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத குறை.

கோப்பையே ஒரு மலை ஊரில் பிறந்தது. 1888ல் சிம்லாவில், பிரிட்டிஷ் இந்திய அரசின் வெளியுறவுச் செயலராக இருந்த மார்ட்டிமர் டுராண்ட் இதைத் தொடங்கினார். ஆப்கானிஸ்தான் எல்லைக்கோட்டுக்குத் தன் பெயரைக் கொடுத்தவரும் இவர்தான். சிம்லாவில் தேவதாரு மரங்களுக்கு நடுவே அன்னாடேல் என்றொரு சமதளம் உண்டு. ஆட்டங்கள் அங்கே நடந்தன. தொடக்கத்தில் ராணுவ அணிகளுக்கான போட்டி அது. பிரிட்டிஷ் ரெஜிமென்டுகளே வருடத்துக்கு வருடம் வென்றன. 1940ல் போட்டி டெல்லிக்கு வந்தபோதுதான் ஓர் இந்திய அணி, கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், முதல்முறையாக வென்றது. பிறகு போர், பிரிவினை. 1949 வரை ஆட்டமே இல்லை. சுதந்திர இந்தியாவில் 1950ல் மறுபடி தொடங்கியபோது கோப்பை சிவிலியன் அணிகளின் கைக்குப் போய்விட்டது. அதை இந்திய ராணுவத்துக்கு முதலில் கொண்டுவந்தவர்கள் வெலிங்டன்காரர்கள். 1955 இறுதி ஆட்டத்தில் இந்திய விமானப் படையை 3-2 என்று வென்றார்கள்.

மலையில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும், சமதளம் இங்கே எவ்வளவு அரிய பொருள் என்று. வீடு கட்டுவதற்கே சரிவை வெட்ட வேண்டும். பந்து எல்லையைத் தாண்டினால் எடுத்துவர அரை மணி நேரம் பள்ளத்தில் இறங்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ராணுவத்துக்கு மட்டும் விசாலமான தட்டை நிலம் அமைந்தது. ஜக்கதளா என்ற படுகர் ஊரின் பக்கத்தில் 1850களில் ஆங்கிலேயச் சிப்பாய்களுக்காகப் பாரக்ஸ் எழுந்தது. பிறகுதான் அந்த இடத்துக்கு வெலிங்டன் என்று பெயர் வைத்தார்கள். பாரக்ஸ் இருந்தால் அணிவகுப்புத் திடல் வேண்டும். திடல் இருந்தால் மாலையில் பந்து உருளும். சுதந்திரத்தை ஒட்டி மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் இங்கே நிலைகொண்டபோது அந்தத் திடலும் அவர்களுக்கு வந்து சேர்ந்தது.

மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758ல் வேர்விட்டது. இந்தியத் தரைப்படையின் காலாட்படைகளில் மிகப் பழையது. அதன் வீரர்களை ராணுவம் முழுக்க 'தம்பி' என்றே கூப்பிடுகிறார்கள். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசும் தம்பிகள். எனவே 1955ல் வென்ற அணியை மலையில் பிறந்தவர்களின் அணி என்று உரிமை கொண்டாடினால் அது பொய்யாகிவிடும். தென்னாட்டின் பல மூலைகளிலிருந்து பட்டாளத்தில் சேர்ந்து இந்த மலைக்கு வந்த பையன்கள் அவர்கள். மலை அவர்களுக்குத் திடலையும் குளிரையும் ஆறாயிரம் அடி உயரத்துக் காற்றையும் கொடுத்தது. பட்டாளம் சாப்பாடு, சம்பளம், பூட்ஸ், ஒழுங்கு, தினமும் ஆடுவதற்கு நேரம் எல்லாம் கொடுத்தது.

பூட்ஸைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்ற இந்திய அணியில் பலர் வெறுங்காலோடு ஆடியவர்கள். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்ற பேச்சே வலுத்தது. கிளப் ஆட்டக்காரர்கள் தோல் பூட்ஸின் கனத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பட்டாளத்துக்காரனுக்குப் பூட்ஸ் விடிந்தால் மாட்டிக்கொள்ளும் பொருள். டெல்லியின் மார்கழிக் குளிரும் வெலிங்டனில் ராத்தங்கிப் பழகியவனை மிரட்டியிருக்காது.

அந்தத் தம்பிகளில் ஒருவரை உலகம் அறியும். பீட்டர் தங்கராஜ். 1935 டிசம்பரில் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்தராபாத்தின் சின்ன கிளப்புகளில் ஆடிவிட்டு 1953ல் ராணுவத்தில் சேர்ந்து எம்.ஆர்.சி.க்கு வந்தார். வந்தபோது அவர் சென்டர் ஃபார்வர்ட், கோல் போடுகிற இடத்தில் ஆடியவர். பிறகுதான் கோல் காக்கும் இடத்துக்கு மாறினார். ஆறடியைத் தாண்டிய அந்த உருவம் கோல் கம்பங்களுக்கு இடையே போய் நின்றது இந்தியக் கால்பந்துக்குக் கிடைத்த கொடை என்றே சொல்வேன். 1955ல் டாக்காவில் நடந்த நான்கு நாடுகள் போட்டியில் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நான்காம் இடம் பிடித்த அணியில் இருந்தார். ஒலிம்பிக்ஸில் இந்தியக் கால்பந்து இன்றுவரை அதற்கு மேல் போனதில்லை. 1958ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் பெற்றார். எம்.ஆர்.சி. கூர்க்கா பிரிகேடை 2-0 என்று வென்று டுராண்டை இரண்டாம் முறை கைப்பற்றியதும் அந்த ஆண்டுதான்.

1960ல் தங்கராஜ் தலைமையில் முப்படைகளின் அணியான சர்வீசஸ் முதல்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. அதே ஆண்டு ரோம் ஒலிம்பிக்ஸ். பிறகு 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அழைக்காமல் விட்டதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்ததால், அந்த ஊர் ரசிகர்கள் இந்தியாவின் மேல் கடும் கோபத்தில் இருந்தார்கள். செப்டம்பர் 4 அன்று, அரங்கம் முழுக்க எதிராகக் கத்திக்கொண்டிருக்க, தென்கொரியாவுடன் இறுதி ஆட்டம். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று என்று இந்தியா இரண்டு கோல் போட, கொரியா ஒன்றோடு நின்றது. கோலில் நின்றவர் தங்கராஜ். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா கடைசியாக வென்ற தங்கம் அது.

அப்போது அவர் வெலிங்டன் ஆள் இல்லை. 1960ல் ராணுவத்தை விட்டு முகமதன் ஸ்போர்ட்டிங்கில் சேர்ந்துவிட்டார். பின்னால் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1967ல் அர்ஜுனா விருது பெற்றார். 2008 நவம்பரில் பொகாரோவில் காலமானார்.

எம்.ஆர்.சி.யின் சரிவுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நல்ல ஆட்டக்காரனைக் கல்கத்தா இழுத்துக்கொண்டது. 1962, 1965, 1971 என்று பத்து ஆண்டுக்குள் மூன்று போர்கள் வந்தன. பட்டாளத்துக்கு அதன் சொந்த வேலை முன்னால் வந்து நின்றது. இதற்கிடையிலும் 1966லும் 1969லும் ராணுவத்தின் கூர்க்கா பிரிகேட் டுராண்டை வென்றது. அதற்கப்புறம் வங்கிகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வேலை கொடுத்து ஆள் சேர்த்தன. ராணுவமும் தன் நல்ல ஆட்டக்காரர்களைத் திரட்டி ஆர்மி கிரீன், ஆர்மி ரெட் என்று பொது அணிகளாக அனுப்பத் தொடங்கியது. அப்படி வந்த ஆர்மி கிரீன் 2016ல் டுராண்டை வென்றது. சர்வீசஸ் அணி சந்தோஷ் கோப்பையை இரண்டாம் முறை தொட 2012 வரை காத்திருந்தது. அதன்பின் பலமுறை வென்றுவிட்டது. ராணுவக் கால்பந்து சாகவில்லை. ஒரு மலை ஊரிலிருந்து கிளம்பிப்போகும் ரெஜிமென்ட் அணிதான் தேசிய அரங்கிலிருந்து போய்விட்டது.

இந்த இடத்தில் கடல் கடந்து பார்க்க வேண்டியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. ஐஸ்லாந்து என்ற நாட்டின் மக்கள்தொகை அந்த ஆண்டு அதில் பாதிகூட இல்லை. அந்த நாடு 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. 2018 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்று, முதல் ஆட்டத்திலேயே அர்ஜென்டினாவை 1-1 என்று நிறுத்தியது. மெஸ்ஸியின் பெனால்டியை அவர்கள் கோல்கீப்பர் தடுத்தார். அவர்களின் அன்றைய பயிற்சியாளர் ஒரு பல் மருத்துவர். இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. வருடத்தில் பாதி நாள் பனியும் இருட்டுமாக இருக்கும் அந்த நாட்டில் 2000க்குப் பிறகு முழு அளவுத் திடல்களைக் கூரைக்குள் கட்டினார்கள். பள்ளிகளை ஒட்டி நூற்றுக்கும் மேற்பட்ட சிறு செயற்கைப்புல் திடல்களைப் போட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தகுதிச் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளரைச் சம்பளம் கொடுத்து வைத்தார்கள்.

ஃபேரோ தீவுகளின் கதை நம் மலைக்கு இன்னும் நெருக்கம். அன்று ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத, பாறையும் சரிவுமான தீவுக்கூட்டம். சர்வதேச ஆட்டத்துக்கு ஏற்ற புல்திடல் சொந்த மண்ணில் இல்லாததால், 1990 செப்டம்பர் 12 அன்று தன் முதல் ஐரோப்பியத் தகுதி ஆட்டத்தையே ஸ்வீடனில் போய் ஆடியது. எதிரே அந்த ஆண்டு உலகக் கோப்பையில் ஆடிவிட்டு வந்த ஆஸ்திரியா. 1-0 என்று ஃபேரோ வென்றது. பின்னர் அவர்கள் ஊரிலும் சர்வதேச ஆட்டத்துக்கான புல்திடல் வந்தது.

நீலகிரியில் ஆர்வத்துக்குக் குறை இல்லை. கோத்தகிரி காந்தி மைதானத்தில் ஆட்டம் என்றால் சுற்றுச்சுவரில் உட்கார இடம் கிடைக்காது. எஸ்டேட் லயன் வீடுகளுக்கு முன்னால், பேக்டரிக்குப் போகும் ரோட்டில், இலை லாரி வரும்போது ஒதுங்கிக்கொண்டு பையன்கள் ஆடுகிறார்கள். பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். அவர்களில் கால் சுத்தமாக ஓடுகிற பிள்ளையைக் கண்டுபிடித்து, வாரத்தில் நான்கு நாள் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஆள் கிடைத்தாலும் மழைக்காலத்தில் திடல் சேறாகிக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் போக நமக்கு மிஞ்சுவது சில மாதங்கள்தான்.

புதிதாக மலையை வெட்டித் திடல் போடச் சொல்லவில்லை. மண்சரிவு என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இருக்கிற தட்டை நிலங்கள் போதும். பள்ளி மைதானங்கள் இருக்கின்றன. சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பிய தொழிலாளர்களுக்காக அரசே உருவாக்கிய டான்டீ தோட்டங்களில் குடியிருப்பை ஒட்டித் தட்டை இடங்கள் இருக்கின்றன. ஐவர் ஆடும் அளவு செயற்கைப்புல்லும், தண்ணீர் வடிய வாய்க்காலும், சம்பளம் வாங்கும் ஒரு பயிற்சியாளரும் தாலுகாவுக்கு நாலைந்து இடத்தில் அமைந்தால், பத்து வருடத்தில் இந்த மாவட்டத்திலிருந்து இந்திய அணிக்கு ஆள் போகும். இதை நான் நம்பித்தான் எழுதுகிறேன்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் ரெஜிமென்டுக்கும் ஒரு கோரிக்கை. ஆண்டுக்கு ஒருமுறை, நீலகிரியின் அரசுப் பள்ளிகளுக்கு, வெலிங்டன் ராணுவத் திடலில் ஒரு கால்பந்துப் போட்டி நடத்துங்கள். அதற்குப் பீட்டர் தங்கராஜ் பெயரை வையுங்கள். தொடங்கி வைக்கும் நாளில் 1955, 1958 அணிகளின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வாசகர்களில் யாருடைய அப்பாவோ தாத்தாவோ அந்தக் காலத்து எம்.ஆர்.சி.யில் ஆடியிருந்தால், வீட்டில் இருக்கும் பழைய படத்தைத் தூசி தட்டி, பின்பக்கத்தில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி வையுங்கள்.