பாட்டும் விளையாட்டும் வைத்தியம் ஆகுமா? அதைச் செய்பவர் என்ன படித்திருக்க வேண்டும்?



பட்டுச் சேலை வாங்க வருகிறவர் சும்மா வாங்கிக்கொண்டு போவதில்லை. கோர்வை சரியாக விழுந்திருக்கிறதா என்று மடிப்பைப் பிரித்துப் பார்க்கிறார். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று கேட்கிறார். பட்டு முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறார். நாமும் கோபப்படுவதில்லை. கேட்பது அவர் உரிமை.

ஒரு சேலைக்கே இத்தனை கேள்வி என்றால், பெற்ற பிள்ளையை வைத்தியத்துக்கு ஒருவரிடம் ஒப்படைக்கும்போது எத்தனை கேள்வி கேட்க வேண்டும்? அதைச் சொல்லத்தான் இந்தப் பிரசுரம்.

நடந்தது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் தம்பதியின் ஐந்து வயதுப் பையனுக்குப் பேச்சு வரவில்லை. அவ்வப்போது வலிப்பும் வரும். அரசு மருத்துவமனை மாத்திரையில் வலிப்பு அடங்கியிருந்தது. அந்தச் சமயம் பக்கத்தில் ஒருவர் வாடகை அறை பிடித்து, 'இசையால் சகல நோயும் தீரும்' என்று பலகை மாட்டினார். திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். மாலை போட்டார்கள், நானும் கைதட்டினேன். 'நீங்கள் என்ன படித்தீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது என் தவறு.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பையனை மருத்துவமனைக் கட்டிலில் பார்த்தேன். வலிப்பு விடாமல் வந்து சேர்த்திருக்கிறார்கள்.

"மாத்திரையை ஏம்மா நிறுத்தினீங்க?" என்று தாயைக் கேட்டேன்.

"அவர்தான் சார் சொன்னாரு. மாத்திரை மூளையை மழுக்கிடும், பாட்டு கேட்டா போதும்னாரு. வளையலை அடகு வச்சுதான் சார் பணம் கட்டினோம்."

"சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாரு சார். இங்கிலீஷ்ல இருந்துச்சு. நமக்கு என்ன தெரியும்?" என்றார் தகப்பனார்.

பிறகு அந்தச் சர்ட்டிபிகேட்டைப் பார்த்தேன். இரண்டு நாள் முகாமில் கலந்துகொண்டார் என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

பையன் பிழைத்துக்கொண்டான். அந்தப் பெற்றோர் மேல் குற்றமில்லை. கேட்க வேண்டிய கேள்வியை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்படியானால் இசை வைத்தியம் பொய்யா?

பொய் அல்ல. பாட்டு, தாளம், நடனம், ஓவியம், நாடகம், விளையாட்டு, தோட்ட வேலை இவற்றை வைத்து நோயாளியைத் தேற்றும் முறைகள் உலகெங்கும் நடைமுறையில் இருக்கின்றன. விளையாட்டையும் பொழுதுபோக்கையும் கருவியாகக் கொள்பவர் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர். கலையைக் கருவியாகக் கொள்பவர் கலைவழிச் சிகிச்சையாளர்.

பக்கவாதம் வந்து கால் இழுத்து நடப்பவருக்குத் தாளம் தட்டி அந்தத் தாளத்துக்கு அடி எடுத்து வைக்கப் பழக்கினால் நடை சீராகும். பக்கவாதத்தில் பேச்சு போன சிலருக்கு, பேச வராத சொல் பாட்டாக வரும். அதைப் பிடித்துக்கொண்டு பேச்சுப் பயிற்சி தருகிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தை ஆள் முகம் பார்க்காமல் இருக்கும். 'ஒரு அடி நான், ஒரு அடி நீ' என்று மத்தளத்தை மாறி மாறித் தட்டும்போது எதிராளியைக் கவனிக்கத் தொடங்கும். மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் இவை உதவுகின்றன.

சென்னை கீழ்ப்பாக்கத்து அரசு மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கியது. அங்கே தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவில் நோயாளிகள் ரொட்டி சுட்டுப் பழகினார்கள். வேலையும் பொழுதும் மனதைத் தேற்றும் என்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல.

ஆனால் ஒன்று. இவையெல்லாம் துணை வைத்தியம். வலிப்பு மாத்திரைக்கோ, மனநோய் மாத்திரைக்கோ, சர்க்கரை மாத்திரைக்கோ பதில் அல்ல. வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகும். 'மாத்திரையை நிறுத்து' என்று சொல்கிற சிகிச்சையாளரிடம் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

பாடத் தெரிந்தால் போதாதா?

போதாது. கட்டைக்கூத்துக்காரர் விடிய விடிய ஊரையே சிரிக்கவும் அழவும் வைக்கிறார். மனதுக்கு நல்லதுதான். ஆனால் அவர் எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு என்ன குறை என்று கண்டுபிடித்து, அதற்கு ஏற்பக் கூத்தை மாற்றுவதில்லை. சிகிச்சையாளர் செய்வது அதைத்தான்.

அவர் முதலில் பிள்ளையைச் சோதித்து, எது வருகிறது, எது வரவில்லை என்று குறித்துக்கொள்வார். 'மூன்று மாதத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும்' என்பது போல ஓர் இலக்கு வைப்பார். ஒவ்வொரு வாரமும் என்ன நடந்தது என்று எழுதுவார். பலன் இல்லையென்றால் முறையை மாற்றுவார், அல்லது வேறு நிபுணரிடம் அனுப்புவார்.

இதற்கு அவரிடம் நான்கு தகுதிகள் வேண்டும்.

முதலாவது, கலையில் தேர்ச்சி. பாட்டோ நடனமோ ஓவியமோ ஒழுங்காகக் கற்றிருக்க வேண்டும்.

இரண்டாவது, உடலையும் மனதையும் பற்றிய படிப்பு. குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்யும், மூளை எப்படி வேலை செய்கிறது, நோய்களின் குறிகள் என்ன என்பது தெரிய வேண்டும்.

மூன்றாவது, நோயாளிகளோடு மேற்பார்வையில் பயிற்சி. நாடா ஓட்டக் கற்றுக்கொண்ட மறுநாளே ஒருவனிடம் கோர்வைச் சேலையைக் கொடுத்துவிடுவோமா? பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் திருத்தத் திருத்தப் பழக வேண்டும். இதிலும் அப்படியே.

நான்காவது, ஒழுக்க விதி. நோயாளியின் குடும்பச் செய்தியை வெளியே சொல்லக் கூடாது. தீராததைத் தீரும் என்று சொல்லக் கூடாது.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் 1944-இலேயே மிச்சிகன் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் இசை சிகிச்சைக்குப் பட்டப் படிப்பு தொடங்கியது. இன்று அங்கே பட்டம், 1200 மணி நேரப் பயிற்சி, அதன் பிறகு ஒரு தேர்வு எல்லாம் முடித்தால்தான் சான்று பெற்ற இசை சிகிச்சையாளர். பொழுதுபோக்குச் சிகிச்சையாளருக்கும் பட்டம், களப் பயிற்சி, தேர்வு உண்டு. இங்கிலாந்தில் பதிவு செய்யாதவர் தம்மை ஓவிய சிகிச்சையாளர், இசை சிகிச்சையாளர், நாடக சிகிச்சையாளர் என்று அழைத்துக்கொள்வதே சட்டப்படி குற்றம்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

2021-இல் நாடாளுமன்றம் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கென ஒரு தேசிய ஆணையச் சட்டம் நிறைவேற்றியது. அதன் பட்டியலில் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர், கலை, நடன, அசைவுச் சிகிச்சையாளர் என்ற பெயர்கள் இருக்கின்றன. என்னைப் போன்ற சுகாதாரக் கல்வியாளரும் அதே பட்டியலில்தான் வருகிறோம்.

சிகிச்சையாளர் என்கிற சுகாதாரத் தொழிலருக்குப் பட்டப் படிப்பு 3 முதல் 6 ஆண்டுகள், குறைந்தது 3600 மணி நேரம் என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. இரண்டு நாள் முகாம் எங்கே, 3600 மணி நேரம் எங்கே! நீங்களே எடை போட்டுப் பாருங்கள்.

இந்தத் துறையில் பதிவு ஏற்பாடு புதியது. ஆகவே பதிவு எண்ணோடு படிப்பையும் பயிற்சியையும் சேர்த்தே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறப்புக் கல்வி ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் முதலியோருக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் உண்டு. அதை அவர்களிடம் தயங்காமல் கேட்கலாம்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். ஒருவருக்கு விட்டுப்போவது மற்றவருக்கு ஞாபகம் வரும்.

1. என்ன படித்தீர்கள்? எந்தப் பல்கலைக்கழகம்? எத்தனை ஆண்டு?
2. எந்த மருத்துவமனையில், யார் மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள்?
3. பதிவு எண் இருக்கிறதா?
4. எங்கள் பிள்ளைக்கு என்ன இலக்கு? எத்தனை மாதத்தில் பார்க்கலாம்? எழுதித் தருவீர்களா?
5. எங்கள் டாக்டரோடு கலந்து பேசுவீர்களா?
6. சிகிச்சை நடக்கும்போது நாங்கள் கூட இருக்கலாமா, அல்லது வெளியிலிருந்து பார்க்கலாமா?

சர்ட்டிபிகேட் இங்கிலீஷில் இருந்தால் செல்போனில் படம் எடுத்து வந்து பள்ளிக்கூட ஆசிரியரிடமோ கிராமச் செவிலியரிடமோ காட்டுங்கள். நன்றாகப் படித்தவர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். கோபப்பட்டால், 'நிச்சயம் குணமாகும்' என்று சத்தியம் செய்தால், மொத்தப் பணத்தையும் முதலிலேயே கேட்டால், வேண்டாம்.

செலவில்லாமல் எங்கே போவது?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிற சிறார் நலப் பரிசோதனைக் குழுவிடம் பிள்ளையைக் காட்டுங்கள். குறை இருந்தால் அவர்கள் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டையும் உதவித்தொகையும் பற்றிக் கேளுங்கள்.

முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. 2019 வரை அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. இப்போது செங்கல்பட்டு மாவட்டம். மத்திய அரசு நிறுவனம். பல நிபுணர்கள் ஒரே இடத்தில் பார்ப்பார்கள்.

பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வருகிறது. மனக்கஷ்டம் என்றால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

உங்கள் பிள்ளைக்கே இந்த வேலையில் ஆசை இருந்தால்?

"பாட்டு கத்துக்கிட்டா, அதை வச்சு என்னங்க பண்றது?" என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். காஞ்சிபுரத்து மாவட்ட அரசு இசைப் பள்ளியில் மூன்று ஆண்டு படித்து, வாய்ப்பாட்டோ பரதமோ நாகசுரமோ தவிலோ கற்றுக்கொள்ளலாம். அந்தச் சான்று கலைக்கு உரியது. சிகிச்சைக்கு அதற்கு மேலும் படிக்க வேண்டும்.

ஒரு வழி, பிளஸ் டூவில் உயிரியல் எடுத்துத் தொழில்வழிச் சிகிச்சைப் பட்டம் படிப்பது. இந்தப் படிப்புக்கு நாட்டின் முதல் பள்ளியை 1950-இல் மும்பையில் கமலா நிம்ப்கர் தொடங்கினார். நமக்குக் கிட்டத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். நிறுவனத்திலும் இந்தப் படிப்பு இருக்கிறது. நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். மருத்துவமனைப் பயிற்சியும் அதில் அடக்கம்.

இன்னொரு வழி, உளவியலிலோ சமூகப் பணியிலோ இசையிலோ பட்டம் முடித்துவிட்டு, சிகிச்சைக்கென்று தனிப் படிப்புக்குப் போவது. புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசை சிகிச்சைக்கென்றே ஒரு மையம் உண்டு. சிறப்புக் கல்வியில் டிப்ளமா படித்துவிட்டுக் குழந்தைகளோடு வேலை செய்வதும் நல்ல வழிதான்.

சேர்க்கை விதியும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பணம் கட்டும் முன் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெண் பிள்ளை என்பதற்காகப் பிளஸ் டூவோடு நிறுத்தி அவசரமாகக் கல்யாணம் பேச வேண்டாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

உங்கள் குழந்தையோடு பாடவும் ஆடவும் உங்களுக்கு எந்தச் சர்ட்டிபிகேட்டும் வேண்டாம். தார் சுற்றும்போது அம்மா பாடலாம். தறிச் சத்தத்துக்கு ஏற்பக் கைதட்டச் சொல்லி அப்பா விளையாடலாம். அறுந்த பட்டு நூலை நிறம் பார்த்துப் பிரித்து வைக்கச் சொல்லலாம். அது அன்பு, அதற்குக் கட்டணமில்லை. 'வைத்தியம்' என்று பேர் வைத்து ஒருவர் பணம் வாங்கும்போதுதான் தகுதி கேட்க வேண்டும்.

நான் சொன்ன அந்தப் பையன் இப்போது மாத்திரையும் சாப்பிடுகிறான், பயிற்சிக்கும் போகிறான். பேச்சு முழுதாக வரவில்லை. வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. ஆனால் பயிற்சி தருகிறவர் மத்தளத்தை ஓரடி தட்டினால் அவர் முகத்தைப் பார்த்து மறு அடி தட்டுகிறான். "போன மாசம் அப்பான்னு கூப்பிட்டான் சார்" என்று தகப்பனார் சொன்னார். இந்தத் தடவை பணம் கட்டும் முன் அவர் ஆறு கேள்வியும் கேட்டிருந்தார்.

இந்தப் பிரசுரத்தைப் படித்து முடித்ததும் பக்கத்துத் தறிக்காரருக்கும் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள்.