விகடகவி ஏன் தோற்றது?

விடுமுறைக்குக் கம்பைநல்லூர் போயிருந்தேன். அக்கா மகள் பைத்தான் கத்துக்கிட்டிருக்கா. அன்றைய பயிற்சி: கொடுத்த சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அதே சொல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 'லெவல்' என்பதை ஆங்கிலத்தில் கொடுத்தாள், 'ஆம்' என்றது. தமிழில் விகடகவி கொடுத்தாள், 'இல்லை' என்றது. "நான்தான் தப்பா எழுதிட்டேன் போல மாமா"ன்னு மொத்த நிரலையும் அழிக்கப் போனாள். தடுத்தேன்.

தப்பு அவள் மேல் இல்லை. யூனிகோடில் 'வி' என்பது ஒன்றல்ல, இரண்டு: 'வ', அப்புறம் இகரக் குறி. நமக்கு 5 எழுத்து, கணினிக்கு 7. அந்த ஏழைத் திருப்பினால் இகரக் குறி முதலில் தனியாக நிற்கிறது, நடுவில் 'க' போய் 'கி' ஆகிறது, கடைசியில் மொட்டை 'வ'. ஊர்ப் பெயரையும் எண்ணிப் பார்த்தோம். கம்பைநல்லூர் விரல் விட்டு எண்ணினால் 7, பைத்தானின் லென் 12 என்கிறது.

இங்கேதான் ஸ்டாக் வேணும். கல்யாண வீட்டில் அடுக்கி வைத்த தட்டு மாதிரி, கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். சொல்லை இடமிருந்து படிக்கிறோம். க வந்தால் அடுக்கில் வை. ம வந்தால் அதன் மேல் வை. அடுத்து வருவது புள்ளி. அதைத் தனித் தட்டாக வைக்காமல் மேலே இருக்கும் ம-வோடு ஒட்டு, ம் ஆகிவிடும். ஐகாரக் குறி வந்தாலும் அப்படியே. ஒரே ஓட்டம்தான், 12 குறிக்கு 12 படி. பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் சொல் தலைகீழாக வந்துவிடும். அரை மணி நேரத்தில் அவளே எழுதினாள். விகடகவி 'ஆம்' ஆனது.

நான் கல்லூரியில் ஸ்டாக்கைப் படித்தது ஐந்து மார்க் கேள்விக்கு. எங்கே தேவைப்படும்னு அப்போ எனக்குத் தெரியாது. முத்து அண்ணாமலையின் ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் இந்த எழுத்துப் பிரிப்பு ஏற்கெனவே இருக்கு. அவள் எழுதி முடிக்கிற வரை அதைப் பத்தி நான் மூச்சு விடலை.

ஓட்டைகள் இன்னும் இருக்கு. 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்று, ஒப்பிட்டால் வேறு. முதலில் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்த பயிற்சி சார்ட்டிங். அகராதியில் மலர் முன்னால், மனம் பின்னால். யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்தே உட்கார்ந்திருப்பதால் பைத்தான் மாற்றி அடுக்குகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, அந்த எண்களை வைத்து அடுக்கிப் பார்னு சொல்லிட்டு பஸ் ஏறினேன். ராத்திரி மெசேஜ் வந்தது: "மாமா, மனம் இன்னும் முன்னாடியே நிக்குது."