அலைக்குப் போகும் வழி எது?

அலை என்றால் நம்மில் பலருக்கு, மாலை வேளையில் கடற்கரைக்குப் போய், புடவைக் கொசுவத்தைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் நனைய நின்றுவிட்டு, சுண்டல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற சமாசாரம். அந்த அலைக்காக ஆயிரம் கிலோமீட்டர் மோட்டார் ஓட்டிக்கொண்டு போகிறவர்களும், எந்த மண்பாதையில் திரும்புவது என்று புருஷனும் மனைவியும் பேச்சு நின்றுபோகும் அளவுக்குத் தர்க்கம் செய்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். விஷயத்தை முழுக்கக் கேட்டபின் அந்தச் சிரிப்பு கொஞ்சம் குறையலாம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யத்துக்குத் தெற்கே, மெக்ஸிகோவுக்குச் சொந்தமான பாஹா கலிபோர்னியா என்ற தீபகற்பம் முருங்கைக்காய் மாதிரி நீண்டு தொங்குகிறது. நீளம் 1,200 கிலோமீட்டருக்கு மேல். மேற்கே பசிபிக் மகாசமுத்திரம். கிழக்கே ஏரிபோல் அடங்கிக் கிடக்கும் வளைகுடா. நடுவே மலையும் பாலைவனமும் கள்ளிக் காடும். மேற்குக் கரையில், பாதிக்கும் கீழே, சான் ஹுவானிக்கோ என்று ஒரு மீனவர் கிராமம். ஜனத்தொகை சில நூறுதான். அதன் கடலுக்கு அலைச் சறுக்குக்காரர்களிடையே வழங்கும் பெயர், 'தேள் விரிகுடா'.

அலைச் சறுக்கு என்பது, நீளமான பலகை ஒன்றின்மேல் நின்றுகொண்டு, உடையும் அலையின் சரிவில் வழுக்கிக்கொண்டே வருவது. எல்லா அலையும் இதற்கு உதவாது. முழு அலையும் ஒரே சமயத்தில் பொத்தென்று விழுந்தால் ஆளையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். சான் ஹுவானிக்கோவில் நிலம் வரிசையாகப் பல முனைகளாகக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. தெற்கேயிருந்து வரும் அலை ஒரு முனையைச் சுற்றி வளைந்து, சேலை மடிப்பு ஒவ்வொன்றாகப் பிரிகிற மாதிரி, கரையோரமாக நெடுந்தூரம் உடைந்துகொண்டே போகும். நல்ல நாளில் ஒரே அலையில் நிமிஷக் கணக்கில் வழுக்கிக்கொண்டு வரலாம். முதல் முனையில் அலை சாதுவானது. புதிதாய்க் கற்கிறவர்களைக்கூட அவ்வளவாக அடிக்காது.

அந்த அலை பிறக்கும் இடம் பக்கத்தில் இல்லை. நமக்குக் கோடையாயிருக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் பூமியின் தென்பாதியில் குளிர்காலம். நியூஸிலாந்துக்கும் தெற்கே புயல் அடித்துக் கிளப்பிவிடும் அலைகள், மகாசமுத்திரத்தையே குறுக்கே கடந்து, ஒரு வாரத்துக்கும் மேல் பிரயாணம் செய்து இங்கே வந்து சேர்கின்றன. வால்டர் மங்க் என்ற விஞ்ஞானி 1963-ஆம் வருஷம் நியூஸிலாந்திலிருந்து அலாஸ்கா வரையில் வழிநெடுகக் கருவிகள் வைத்து, இந்த அலைகளை ஊர் ஊராகப் பின்தொடர்ந்து அளந்து காட்டினார். ஆகையால், அலை இன்ன நாள் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. முகூர்த்தம் குறித்த கல்யாணம் மாதிரிதான். மணப்பந்தலுக்குத் தாமதமாகப் போகக் கூடாதே என்ற பரபரப்பு அங்கேதான் ஆரம்பமாகிறது.

எல்லையிலிருந்து தெற்கு முனைவரை போகும் 1,711 கிலோமீட்டர் ராஜபாட்டை 1973-ல் பூர்த்தியாயிற்று. அதில் சுமார் 850 கிலோமீட்டர் வந்தால் சான் இக்னாசியோ என்ற ஊர். பாலைவனத்தின் நடுவே திடீரென்று ஆயிரக்கணக்கான பேரீச்ச மரங்கள், தண்ணீர், 1786-ல் கட்டி முடித்த கல் மாதாகோயில். கோயிலுக்கு எதிரே சதுக்கத்தில் நம் ஆலுக்கும் அரசுக்கும் பங்காளியான பெரிய மரங்கள். பெயரே 'இந்திய லாரல்'. அந்த நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் தம்பதிகள் தேசப்படத்தைப் பிரிப்பது வழக்கம். தர்க்கம் நடப்பதும் அங்கேயே.

வழிகள் மூன்று. முதலாவது, அங்கிருந்து நேரே மேற்கில் இறங்கிக் கரையோரமாகத் தெற்கே போவது. தூரம் சுமார் 150 கிலோமீட்டர். கொஞ்ச தூரம் தார் உண்டு, அப்புறம் மண்தான். மூன்றாவது, ராஜபாட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய், ஸாந்தா ரொஸாலியா, முலேஹே, லொரேத்தோ என்று ஊர் ஊராக இறங்கி, மலையைக் கடந்து இன்சுர்ஹென்தெஸ் சென்று, மறுபடி வடக்கே ஏறி வருவது. 500 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஆனால் முழுவதும் தார். நடுவிலுள்ள இரண்டாவது வழி, முலேஹேக்குத் தெற்கே ராஜபாட்டையை விட்டு, மண்பாதையில் மலை ஏறி, லா பூரிசிமா என்ற பேரீச்சம் பள்ளத்தாக்கில் இறங்குவது. அழகில் இதுதான் முதல். சட்டியைக் கவிழ்த்தது போன்ற ஒற்றை மலை ஒன்று ஊருக்குக் காவல் நிற்கிறது. கற்கள் விஷயத்திலும் இதற்குக் குறைவில்லை.

"நூற்றைம்பது எங்கே, ஐந்நூறு எங்கே! இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்பார் கணவர்.

"அந்த நூற்றைம்பதில் கடைசி ஐம்பது எப்படி இருக்கிறது என்று யாரையாவது கேட்டீர்களா?" என்பாள் மனைவி.

மனைவி கேட்பதுதான் சரி. முதல் வழி ஒரு பெரிய உப்பங்கழியைத் தொட்டுக்கொண்டு போகிறது. குளிர்காலத்தில் சாம்பல் திமிங்கலங்கள் வந்து குட்டி போடுகிற இடம் அது. தாய்த் திமிங்கலம் குட்டியைப் படகுக்கு அருகே அழைத்து வந்து மனிதர்களுக்குக் காட்டும் அதிசயத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். 1993-ல் யுனெஸ்கோ இதை உலகச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. கழியைத் தாண்டியதும் பாதை கிளை பிரிகிறது. மேல் பாதை முழுக்கக் கல். வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் பல்லெல்லாம் ஆடும். கீழ்ப் பாதையோ கண்ணாடிபோல் தட்டையான உவர் நிலம். அதைப் பார்த்தபின் கல்லில் ஏற யாருக்கு மனம் வரும்?

அங்கேதான் ஆபத்து இருக்கிறது. மேலே வெயிலில் காய்ந்த உப்புப் பொருக்கு, ஆறிய பாலின் ஆடை மாதிரி. அடியில் ஈரச் சேறு. ஆடை தாங்கும்வரை வண்டி பறக்கும். கிழிந்தால் அச்சு வரையில் உள்ளே. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றம் அதிகம். அந்த நீர் சத்தமில்லாமல் உவர் நிலத்துக்குள் ஏறி நனைத்துவிட்டுப் போகும். கையிலுள்ள டெலிபோன் படம் பாதையைக் கோடு போட்டு அழகாகக் காட்டும். இன்று பௌர்ணமி என்பதை அது கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. இந்த வழியில் போக விரும்புகிறவருக்குத் தேசப்படத்தைவிடப் பஞ்சாங்கம் உபயோகம் என்று நான் சொன்னால் அது வேடிக்கைப் பேச்சு அல்ல.

இன்னொரு சங்கடமும் உண்டு. அலைக்கு நல்ல மாதங்களே அந்தப் பக்கத்துப் புயலுக்கும் மாதங்கள். தூரத்தில் நிற்கும் புயல் அலையை அனுப்பும். கிட்டே வந்தால் பாதையைக் கொண்டுபோகும். வருஷத்தில் பெரும்பாலும் வறண்டு கிடக்கும் ஓடைகள் ஒரே இரவில் காட்டாறாகிவிடும். தார் ரோட்டுக்காரர்கள் இதிலிருந்து தப்பினார்கள் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் பல இடங்களில் பாலம் கிடையாது, தரைப்பாலந்தான். 2023 ஆகஸ்டில் 'ஹிலாரி' புயல் வந்தபோது, ஸாந்தா ரொஸாலியாவில் பெருக்கெடுத்த ஓடை ஒரு வண்டியை அடித்துக்கொண்டு போயிற்று. நான்கு பேரைக் காப்பாற்றினார்கள். ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லை. நல்ல ரோடு என்பது தண்ணீர் வடியும்வரை காத்திருக்கும் பொறுமையையும் சேர்த்துத்தான்.

சரி, விசாரிப்பது எப்படி? அந்த ஊர்க் கடைக்காரரிடம் போய், "பாதை நன்றாயிருக்கிறதா?" என்று கேட்டால், "சீ, சீ" என்று பதில் வரும். கோபித்துக்கொள்ளக் கூடாது; ஸ்பானிஷ் பாஷையில் 'சீ' என்றால் 'ஆமாம்'. ஆனால் அந்த ஆமாமை நம்பிக் கிளம்பிவிடவும் கூடாது. தூரத்திலிருந்து வந்தவர் ஆசையாகக் கேட்கும்போது மனசு நோகாத பதிலைச் சொல்லுவது எல்லா ஊர் மரியாதையும்தான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "அங்கேயிருந்து கடைசியாக வண்டி எப்போது வந்தது? என்ன வண்டி? மழைக்கு முன்னா, பின்னா?" இந்த மூன்றுக்கும் ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. நேற்று மீன் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்து சேர்ந்தது என்றால் போகலாம். "போன மாதம் யாரோ வந்தார்கள்" என்றால் ஐந்நூறு கிலோமீட்டர்தான் குறுக்கு வழி.

மண்பாதையே என்று தீர்மானித்துவிட்டால் சில காரியங்கள் உண்டு. மண்ணில் வண்டிகள் ஓடி ஓடித் தகரக் கூரைபோல் வரிவரியாக மேடு பள்ளம் விழுந்துவிடும். இதற்கு யாரும் மோசமாக ஓட்டினார்கள் என்று அர்த்தமில்லை. ஒரு வேகத்துக்கு மேல் எந்தச் சக்கரம் உருண்டாலும் மணல் தானே அப்படி மடிந்துகொள்ளும் என்று 2007-ல் விஞ்ஞானிகள் பரிசோதனை செய்து கண்டிருக்கிறார்கள். வேகமாகப் போனால் வரிகளின் உச்சியில் மிதந்துகொண்டு போகலாம், குலுக்கல் குறையும். ஆனால் திருப்பத்தில் வண்டி சொன்ன பேச்சுக் கேட்காது. மணலில் டயர் காற்றை 35 பவுண்டிலிருந்து 20-க்கு இறக்கினால் டயர் பரந்து புதையாமல் போகும். தாருக்குத் திரும்பியதும் அடிக்க ஒரு பம்பு வேண்டும். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர். ஒரு நாள் பிரயாணத்துக்கு மூன்று நாள் தண்ணீர் எடுத்து வைக்கிறவளைப் பார்த்து, "பாலைவனத்துக்கே சமையல் செய்யப் போகிறாயா?" என்று கேலி செய்கிறவர், டெலிபோன் மணி அடிக்காத இடத்தில் அச்சு வரை புதைந்த மறுநாள் வாயைத் திறக்கமாட்டார்.

தார் வழியில் வேறு லாபங்களும் உண்டு. ஸாந்தா ரொஸாலியாவில் செம்புச் சுரங்கம் நடத்த வந்த பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ரொட்டிக் கடை ஒன்று இன்னும் நடக்கிறது. பாரிஸ் கோபுரம் கட்டிய ஐபெல் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இரும்பு மாதாகோயிலும் அங்கேதான். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்த வழியே மேல் என்பது என் அபிப்பிராயம்.

தெற்கேயிருந்து தார் ரோடு கிராமத்துக்குள்ளேயே வந்துவிட்டதில் பழைய அலைக்காரர்கள் சிலருக்கு மனக்குறை. கஷ்டப்பட்டு வந்தவனுக்கே கிடைத்த அலை இப்போது யார் வந்தாலும் கிடைக்கிறதே என்கிறார்கள். இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறவர்களின் குறை அது. நள்ளிரவில் இடுப்பு வலி எடுத்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய வீட்டில் தார் ரோட்டைப் பற்றிக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லுவார்கள்.

வடக்கு மண்பாதையில் இன்னமும் போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். உவர் நிலத்தில் எங்கேயாவது ஒரு வண்டி புதைந்து, தோண்டி, இழுத்து வெளியேறியிருந்தால் அந்தப் பள்ளமும் சக்கரத் தடமும் வெயிலில் செங்கல்போல் காய்ந்து அப்படியே நின்றுவிடுகின்றன. அடுத்து வருகிறவர் வண்டியை நிறுத்தி இறங்கி, பள்ளத்தின் விளிம்பைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறார். குதிகால் புதைகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து, வண்டி முன்னே போகிறது, அல்லது கல் பாதைக்குத் திரும்புகிறது.