முக்குளிப்புக் கணினி

முக்குளிப்புக் கணினி என்பது மூச்சுக்காற்றுக் கலனுடன் நீருக்கடியில் செல்பவர்கள் பயன்படுத்தும் ஒரு சிறிய மின்னணுக் கருவி ஆகும். ஆங்கிலப் பெயரைத் தழுவி இது டைவ் கம்ப்யூட்டர் என்றும் அழைக்கப்படுகிறது. இக்கருவி ஆழத்தையும் நேரத்தையும் தொடர்ந்து அளந்து, முக்குளிப்பாளரின் உடலில் கரைந்திருக்கக்கூடிய நைட்ரசனின் அளவைக் கணக்கிடுகிறது. அவர் இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம், எவ்வளவு விரைவாக மேலேறலாம், வழியில் எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பன அக்கணக்கின்படி திரையில் காட்டப்படுகின்றன. பல கருவிகளில் மின்னணுத் திசைகாட்டியும் உண்டு.

இக்கருவியில் உடலிலுள்ள வளிமத்தை அளக்கும் உணரி எதுவும் இல்லை. திரையில் தோன்றும் அழுத்தத் தணிப்பு விவரங்கள் ஒரு கணித மாதிரியின் மதிப்பீடுகளே ஆகும். அதுபோலவே திசைகாட்டி, செல்லும் திசையைக் காட்டுமேயன்றி, இருக்கும் இடத்தைக் காட்டுவதில்லை. திரையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த இவ்விரண்டையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

தேவை

கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் ஆகும். கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் கூடுகிறது. எனவே 30 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்பாளர் 4 பார் அழுத்தமுள்ள காற்றைச் சுவாசிக்கிறார். காற்றில் ஏறத்தாழ 79 விழுக்காடு நைட்ரசன் ஆகும். உடல் இதனைப் பயன்படுத்துவதில்லை. அழுத்தம் கூடும்போது இது குருதியிலும் இழையங்களிலும் மிகுதியாகக் கரைகிறது.

மெதுவாக மேலேறினால் இவ்வளிமம் நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். விரைந்து மேலேறினால், திறந்த சோடாப் புட்டியில் நிகழ்வதைப் போல, அது உடலுக்குள்ளேயே குமிழிகளாகப் பிரியக்கூடும். இதனால் ஏற்படும் பாதிப்பு அழுத்தத் தணிவு நோய் எனப்படுகிறது. மூட்டுவலி, தோலில் தடிப்பு, உணர்ச்சியின்மை ஆகியவை இதன் அறிகுறிகளுட் சில. தண்டுவடம் பாதிக்கப்பட்டால் கால்கள் செயலிழக்கவும் கூடும். தூய ஆக்சிசன் அளிப்பது முதலுதவியாகவும், உயரழுத்த அறையில் மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்துவது சிகிச்சையாகவும் உள்ளன.

வரலாறு

ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் பிரித்தானிய உடலியங்கியலாளர் ஆடுகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளின் முடிவுகளைத் தம் துணை ஆய்வாளர்களுடன் 1908 இல் வெளியிட்டார். உடலின் வெவ்வேறு இழையங்கள் வெவ்வேறு வேகத்தில் நைட்ரசனை ஏற்கின்றன என்பதும், படிப்படியாக நின்று மேலேறுவது பாதுகாப்பானது என்பதும் அதன் அடிப்படைக் கருத்துகள். இவற்றின் மீது அமைந்த அட்டவணைகளையே முக்குளிப்பாளர்கள் பல பத்தாண்டுகள் பயன்படுத்தினர்.

1959 இல் இத்தாலியில் உருவான ஒரு கருவி, நுண்துளைகள் கொண்ட பீங்கான் வழியாக வளிமம் கசியும் வேகத்தைக் கொண்டு உடலின் நைட்ரசன் ஏற்பைப் போலச் செய்து காட்டியது. நுண்செயலிகள் சிறுத்து மலிவடைந்த பின்னரே உண்மையான கணினிகள் இயன்றன. 1983 இல் அமெரிக்காவின் ஆர்க்கா நிறுவனம் வெளியிட்ட எட்ஜ் என்னும் கருவி பரவலாகப் பயன்பட்ட முதற் கணினிகளுள் ஒன்று. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஆல்பர்ட் பூல்மன் உருவாக்கிய, 16 இழையப் பிரிவுகள் கொண்ட மாதிரி இன்றைய பல கருவிகளுக்கு அடிப்படையாக உள்ளது. 2022 இல் வெளிவந்த ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா, பொதுப் பயன்பாட்டுக் கைக்கடிகாரத்திலும் 40 மீட்டர் ஆழம் வரை இவ்வசதியைக் கொண்டுவந்தது.

கணக்கிடும் முறை

கணினி உடலைப் பல கற்பனைப் பிரிவுகளாகக் கொள்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அரைநேரம் உண்டு. தற்போதைய நிலைக்கும் நிறைவு நிலைக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி நிரம்ப எடுக்கும் நேரமே அரைநேரம் ஆகும். ஹால்டேன் 5, 10, 20, 40, 75 நிமிட அரைநேரங்கள் கொண்ட ஐந்து பிரிவுகளைப் பயன்படுத்தினார்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் காற்றைச் சுவாசித்து 30 மீட்டர் ஆழத்தில் 20 நிமிடம் இருப்பதாகக் கொள்க. நீராவியின் அழுத்தத்தைக் கணக்கில் கொள்ளாவிடில், அங்கு நைட்ரசனின் பகுதியழுத்தம் 3.16 பார், கடல் மட்டத்தில் அது 0.79 பார். 5 நிமிட அரைநேரம் கொண்ட பிரிவு நான்கு அரைநேரங்களைக் கடந்து ஏறத்தாழ 3.0 பாரை எட்டிவிடும். 75 நிமிடப் பிரிவோ ஏறத்தாழ 1.2 பாரில் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு பிரிவும் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம் மாதிரியில் வரையறுக்கப்பட்டுள்ளது. எந்தப் பிரிவு முதலில் தன் எல்லையைத் தொடுகிறதோ, அதுவே அந்நேரத்தில் மேலேறும் முறையைத் தீர்மானிக்கிறது.

முழு நேரமும் மிக ஆழமான இடத்திலேயே கழிந்ததாக அட்டவணை கொள்கிறது. கணினி உண்மையில் கடந்த ஆழங்களைச் சில நொடிகளுக்கு ஒருமுறை கணக்கில் சேர்க்கிறது. இதனால் கூடுதல் நேரம் கிடைக்கிறது. ஆனால் அட்டவணையில் தானாகவே அமைந்திருந்த பாதுகாப்பு இடைவெளி குறைந்துவிடுகிறது. எனவே பல கருவிகளில் எல்லைகளை இறுக்கிக்கொள்ளும் அமைப்பு தரப்பட்டுள்ளது.

திரையில் காணப்படும் விவரங்கள்

• ஆழம்: அழுத்த உணரி அளந்த அழுத்தம் ஆழமாக மாற்றிக் காட்டப்படுகிறது. ஈ.என். 13319 என்னும் ஐரோப்பியத் தரம் 10 மீட்டரை 1 பாருக்கு இணையாகக் கொள்கிறது. நன்னீரில் உண்மையான ஆழம் இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அழுத்தமே நேரடியாக அளக்கப்படுவதால் இவ்வேறுபாடு நைட்ரசன் கணக்கைப் பாதிப்பதில்லை.

• தரிப்பில்லா நேரம்: கட்டாயத் தரிப்பு இன்றி நேரே மேலேறக்கூடிய நிலையில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்பது. ஆழம் கூடினால் இது விரைவாகக் குறையும். பொழுதுபோக்கு முக்குளிப்புக்கான பாடி அட்டவணையில் முதல் முக்குளிப்புக்கு இது 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம் ஆகும்.

• மேல்வரம்பும் தரிப்பும்: தரிப்பில்லா நேரம் முடிந்ததும் அவ்விடத்தில் "6 மீட்டர், 3 நிமிடம்" என்பது போன்ற விவரம் தோன்றும். அந்த ஆழத்துக்கு மேலே செல்லக்கூடாது என்பது இதன் பொருள்.

• மேற்பரப்பை அடையும் நேரம்: எல்லாத் தரிப்புகளையும் சேர்த்து மேலே வருவதற்குத் தேவையான மொத்த நேரம். கலனில் எஞ்சியுள்ள காற்று இதற்குப் போதுமா என்பதை முக்குளிப்பாளர் சரிபார்க்க வேண்டும்.

• மேலேறும் வேகம்: பெரும்பாலும் பட்டை வடிவில் காட்டப்படுகிறது. அமெரிக்கக் கடற்படை முன்னர் நிமிடத்துக்கு 18 மீட்டர் வேகத்தை ஏற்றிருந்தது. 1993 இல் அதனை 9 மீட்டராகக் குறைத்தது. இன்றைய கருவிகளிற் பலவும் 9 முதல் 10 மீட்டரை எல்லையாகக் கொள்கின்றன.

• ஆக்சிசன் பகுதியழுத்தம்: ஆக்சிசன் மிகுந்த கலவையை ஆழத்தில் சுவாசித்தால் வலிப்பு ஏற்படலாம். 1.4 பார் பொதுவான எல்லை. 32 விழுக்காடு ஆக்சிசன் உள்ள கலவைக்கு இது ஏறத்தாழ 33 மீட்டர் ஆழத்தைக் குறிக்கும்.

மேலேறும்போது திரையைப் பயன்படுத்துதல்

நங்கூரக் கயிற்றைப் பிடித்து மேலேறுபவருக்குக் கயிறே துணையாக உள்ளது. கயிறு இல்லாத திறந்த நீரில் எத்திசையும் ஒரே நீலமாகத் தோன்றுவதால், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதே தெரியாமற் போகலாம். அப்போது ஆழ எண்ணும் வேகப் பட்டையும் மட்டுமே வழிகாட்டிகள். கட்டாயத் தரிப்பு இல்லாதபோதும் ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பது வழக்கம். இது பாதுகாப்புத் தரிப்பு எனப்படுகிறது.

தரிப்பின்போது விரைவான பிரிவுகள் நைட்ரசனை வெளியேற்றுகின்றன. மெதுவான பிரிவுகளோ ஆழமான தரிப்புகளில் தொடர்ந்து அதனை ஏற்றுக்கொண்டிருக்கலாம். எனவே குறிக்கப்பட்டதைவிட ஆழத்தில் நின்றால் திரையிலுள்ள நிமிடங்கள் எதிர்பார்த்தபடி குறைவதில்லை. மேல்வரம்பை மீறினால் எச்சரிக்கை ஒலி எழும். சில கருவிகள் அதன்பின் ஒன்று அல்லது இரண்டு நாட்களுக்கு அழுத்தத் தணிப்புக் கணக்கைத் தர மறுத்துவிடுகின்றன.

திசையறிதல்

கடல்நீர் வானொலி அலைகளை உறிஞ்சிவிடுவதால் ஜி.பி.எஸ் குறிப்பலைகள் நீருக்கடியில் கிடைப்பதில்லை. ஆகவே கணினி, காந்தமானி கொண்டு புவியின் காந்தப்புலத்தை அளந்து செல்திசையை 0 முதல் 359 பாகை வரையிலான எண்ணாகக் காட்டுகிறது. கை சாய்ந்திருந்தாலும் சரியான எண்ணைக் காட்ட முடுக்கமானி உதவுகிறது.

படகிலிருந்து 60 பாகைத் திசையில் புறப்படுபவர் அதனைக் கருவியில் பதிந்து கொள்ளலாம். விலகினால் எப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதைத் திரை காட்டும். மீளும்போது 180 பாகை கூட்டி 240 பாகையில் வர வேண்டும். சென்ற தொலைவைக் காலுதைப்புகளின் எண்ணிக்கையாலோ நேரத்தாலோ முக்குளிப்பாளரே மதிப்பிட வேண்டும்.

நீரோட்டம் இம்முறையின் முதன்மையான இடர் ஆகும். பக்கவாட்டில் அரை நாட் வேகமுள்ள நீரோட்டம் ஒருவரை நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 மீட்டர் தள்ளும். பத்து நிமிடத்தில் அவர் 150 மீட்டர் விலகியிருப்பார்; திரையில் செல்திசை மாறாமலே இருக்கும். இரும்புக் கப்பல்களின் சிதைவுகளும் எஃகுக் கலன்களும் அருகில் இருந்தால் செல்திசையே பிழையாகலாம். இதனால் பாறை, சரிவு, மணலின் வரிகள் போன்ற இயற்கை அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கும்படி பயிற்சியில் கற்பிக்கப்படுகிறது.

திசையறிதலும் அழுத்தத் தணிப்பும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆழத்தில் கயிற்றைத் தேடி அலையும் ஒவ்வொரு நிமிடமும் தரிப்பு நேரத்தைக் கூட்டுவதோடு, அத்தரிப்புக்குத் தேவையான காற்றையும் செலவழிக்கிறது. குறித்த நேரத்துக்குள் கயிறு கிடைக்காவிடின், தேடலைக் கைவிட்டு மிதவைக் குறியை மேலே அனுப்பி, அதன் கயிற்றோடு ஏறுவது வழக்கம்.

வரம்புகள்

முக்குளிப்பாளர் களைத்திருக்கிறாரா, குளிரில் நடுங்குகிறாரா, உடலில் நீர் குறைந்துள்ளதா என்பவை கணினிக்குத் தெரியாது. எல்லைகளை மீறாதவர்களுக்கும் அழுத்தத் தணிவு நோய் வருவதுண்டு. எனவே "கணினி அனுமதித்தது" என்பதற்காக அறிகுறிகளைப் புறக்கணிக்கக்கூடாது.

தவறான உள்ளீடும் ஆபத்தானது. காற்றைச் சுவாசிப்பவர் 32 விழுக்காடு ஆக்சிசன் கலவை எனப் பதிந்திருந்தால், 30 மீட்டரில் 3.16 பார் நைட்ரசனுக்குப் பதிலாக 2.72 பார் எனக் கருவி கணக்கிடும். திரை காட்டும் நேரம் அப்போது பொய்யான நம்பிக்கையைத் தரும்.

ஒரே கணினியை இருவர் பகிர்ந்து பயன்படுத்தலாகாது. இணையாகச் செல்வோரின் கணினிகள் வேறுபட்டால், கடுமையான எல்லையைக் காட்டுவதையே இருவரும் பின்பற்ற வேண்டும். கருவி இடையில் செயலிழந்தால் முக்குளிப்பை நிறுத்தி மெதுவாக மேலேறி, பாதுகாப்புத் தரிப்பைச் செய்து வெளியேற வேண்டும். கட்டாயத் தரிப்புகளுடன் முக்குளிப்பவர்கள் இதற்காகவே இரண்டாவது கணினியையோ, ஆழமானி, கடிகாரம், அட்டவணை ஆகியவற்றையோ உடன் வைத்திருப்பர்.

வானூர்தியில் பறப்பதற்கு முன், தரிப்பில்லா ஒற்றை முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பல முக்குளிப்புகளுக்குப் பின் 18 மணி நேரமும் காத்திருக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. கட்டாயத் தரிப்புகள் இருந்திருப்பின் இன்னும் நீண்ட இடைவெளி தேவை.