ஒன்பதுகள் கூட்டணி சேர்ந்தாலும் ஒன்று குறையும்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் மகள் நான்காம் வகுப்பு. 9,899, 10,002 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் தயங்காமல் முதலாவதைக் காட்டுகிறாள். ‘அதுல எல்லாமே பெரிய பெரிய நம்பரும்மா, இதுல முக்கால்வாசி முட்டைதானே’ என்கிறாள். டியூஷன் டீச்சர் அபாகஸ் வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார். சேர்க்கலாமா?”

சேர்ப்பது உங்கள் விருப்பம், உங்கள் பணம். ‘மூளையின் இரு பக்கமும் விழித்துக்கொள்ளும்’ என்று துண்டறிக்கையில் அச்சடித்திருந்தால் மட்டும் பணத்தைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளின் மூளை ஏற்கெனவே விழித்துத்தான் இருக்கிறது. அவள் எண்ணின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லியிருக்கிறாள். ஒரு பக்கம் 9, 8, 9, 9 என நான்கு தடியர்கள். எதிரே ஒல்லியாக ஒரு 1, கடைசியில் ஒரு 2, நடுவே மூன்று காலி நாற்காலிகள். தெருச்சண்டையில் யார் பக்கம் பந்தயம் கட்டுவீர்கள்?

இது அவளுக்கு மட்டும் வரும் குழப்பமில்லை. உளவியலாளர் பியாஜேயிடம் பயின்ற கான்ஸ்டன்ஸ் காமி என்ற கல்வியாளர் பிரபலமாக்கிய ஒரு சோதனை உண்டு. குழந்தையின் முன் 16 வில்லைகளை வைத்து, தாளில் 16 என்று எழுதிக் காட்டுவார்கள். ‘இந்த 6 எத்தனை வில்லைகளைக் குறிக்கிறது?’ என்றால் ஆறைச் சரியாக எடுத்துக் காட்டும். ‘இந்த 1?’ என்றால் ஒரே ஒரு வில்லையை எடுத்து வைக்கும் குழந்தைகள் ஏராளம். மீதி ஒன்பது வில்லைகள் கேட்பாரற்றுக் கிடக்கும். பதினாறு வரை தப்பில்லாமல் எண்ணத் தெரிந்த குழந்தைகள்தாம் அவர்கள்.

பள்ளிக்கூடம் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது. இலக்கங்களை எண்ணு, எதில் அதிகமோ அது பெரியது. சமமாக இருந்தால் இடது ஓரத்திலிருந்து வா. முதலில் எங்கே வேறுபடுகிறதோ அங்கேயே முடிவு, அதற்கு மேல் பார்க்காதே. பிறகு முதலை வாயைத் திறந்து பெரிய எண்ணைத் தின்னும் என்று சொல்லிக் குறியைப் போடவைப்பார்கள். விதி நூற்றுக்கு நூறு சரி. முதலையும் பாவம், அதன் வேலையைச் செய்கிறது. ஆனால் ‘அதற்கு மேல் பார்க்காதே’ என்று சொல்ல எங்கிருந்து வந்தது இவ்வளவு தைரியம்? வலப்பக்கம் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து தீர்ப்பை மாற்றிவிட மாட்டார்களா? மாட்டார்கள். ஏன் என்பதில்தான் இடமதிப்பின் மொத்த அழகும் இருக்கிறது.

ஒரு மளிகைக்கடைக் கல்லாப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். வலது ஓர அறையில் ஒரு ரூபாய் நாணயங்கள், அடுத்ததில் பத்து ரூபாய் நோட்டுகள், அதற்கடுத்து நூறு. கடைக்கார அண்ணாச்சிக்கு ஒரு பிடிவாதம்: எந்த அறையிலும் பத்து சேரவிடமாட்டார். பத்தாவது நாணயம் விழுந்த கணமே பத்தையும் அள்ளி, ஒரு பத்து ரூபாய் நோட்டாக்கி அடுத்த அறையில் போட்டுவிடுவார். பத்து நோட்டு பத்து சேர்ந்தால் ஒரு நூறு. பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கும் அவர் தம்பிக்கும் இதே பழக்கம்.

ராத்திரி கடை சாத்தும்போது அண்ணன் போன் போடுகிறார். “நூறு எத்தனைடா?” “நாலுண்ணே.” “எனக்கு அஞ்சு.” போன் கட். பத்தைக் கேட்கவில்லை, சில்லறையைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தம்பியின் மற்ற அறைகள் முட்ட முட்ட நிரம்பியிருந்தாலும் ஒன்பது பத்துகள், ஒன்பது ஒன்றுகள், ஆகமொத்தம் 99. அண்ணன் கையில் கூடுதலாக இருக்கும் அந்த ஒரு நூறை எட்ட ஒரு ரூபாய் குறைகிறது.

இந்த ஒரு ரூபாய்தான் எனக்குத் தீராத வியப்பு. 9, பத்தைவிட ஒன்று குறைவு. 99, நூறைவிட ஒன்று குறைவு. 9,999, பத்தாயிரத்தைவிட ஒன்று குறைவு. கோடி வரைக்கும் போங்கள், கோடிகோடிக்கும் போங்கள். ஒன்பதுகள் எத்தனை பேர் கூட்டணி சேர்ந்தாலும் இடப்பக்கத்து ஒற்றை ஒன்றுக்கு எதிரே ஆட்சியமைக்க ஒரே ஒரு இடம் குறையும். பத்து இடம் குறைந்தால் அது வெறும் தோல்வி. எப்போதும் துல்லியமாக ஒன்றே ஒன்று குறைகிறது என்றால், இடைவெளியும் இல்லை, இடிபாடும் இல்லை என்று பொருள். 999 முடிந்த கையோடு 1,000 தொடங்குகிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் எழுத்துவடிவம், ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண்.

இதற்கெல்லாம் அடிப்படை அண்ணாச்சியின் பிடிவாதம். தம்பி சோம்பேறியாகிச் சில்லறை மாற்றுவதை விட்டுவிட்டார் என்று வையுங்கள். அவரிடம் நாலு நூறும் பதினேழு பத்தும் இருக்கின்றன: 570 ரூபாய். அண்ணனிடம் ஐந்து நூறு, இரண்டு பத்து: 520. இப்போது “நாலுண்ணே” என்று கேட்டவுடன் போனை வைத்தால் அண்ணன் ஏமாந்துபோவார். பத்து சேர்ந்தால் கட்டிவிட வேண்டும் என்ற விதி இருக்கும்வரைதான் இடமிருந்து ஒப்பிடும் விதிக்கு உயிர். முதலாவதைக் குச்சிக்கட்டு வைத்து இரண்டாம் வகுப்பில் சொல்லித்தருகிறோம், இரண்டாவதை நான்காம் வகுப்பில் மனப்பாடம் செய்யவைக்கிறோம். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும் பீரியட் மட்டும் கால அட்டவணையில் இல்லை.

கல்லாப்பெட்டி உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நூறுக்கு அடுத்து ஆயிரத்துக்கு ஓர் அறை வேண்டும். அந்த நோட்டு 2016 நவம்பரில் செல்லாமல் போய்விட்டது. அதற்கடுத்த அறைக்குரிய பத்தாயிரம் ரூபாய் நோட்டும் ஒரு காலத்தில் இந்தியாவில் இருந்தது. 1978-லேயே அதன் கதை முடிந்தது. நடுவே 20, 50, 200, 500 என்று வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த உவமையில் இடமில்லை. க்யூஆர் கோடு வந்தபிறகு கல்லாவில் ரப்பர் பேண்டும் கிழிந்த நோட்டும்தான் மிச்சம். சரி, பெட்டியை மூடிவிடலாம்.

பத்துக்கு மட்டும் உரிய மாயம் இல்லை இது. சதுரங்கக் கட்டத்தில் ஒன்று, இரண்டு, நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் தானியக் கதை தெரியுமல்லவா? கதையைக் கேட்பவர்கள் மொத்தத் தொகையில் வாய்பிளந்து நின்றுவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. 64-ஆவது கட்டத்தில் உள்ள தானியம், முந்தைய 63 கட்டங்களின் கூட்டுத்தொகையைவிடச் சரியாக ஒரு மணி அதிகம். கணினியின் இரண்டடிமான எண்களும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன.

தமிழில் எண்ணுகிற குழந்தைக்கு ஒரு கூடுதல் சுவாரசியம், கூடவே ஒரு கூடுதல் பொறி. 999-ஐ வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒலிக்கிறது. ஆனால் அது நூறுகளின் இடம். தொண்ணூறுக்குள் நூறு ஒலிக்கிறது; அது பத்துகளின் இடம். ஒன்பதிலும் இருபது, முப்பதில் வரும் ‘பது’ இருக்கிறது. மூன்று பேருமே அடுத்த வீட்டுப் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். மலையாளத்திலும் இதே கூத்து. இந்தச் சொற்களின் புணர்ச்சிக்குத் தொல்காப்பியமும் நன்னூலும் தனி விதி வகுத்திருக்கின்றன. இலக்கண ஆசிரியர்களையே நின்று யோசிக்கவைத்த இடம், நான்காம் வகுப்புப் பிள்ளையைத் தடுமாறவைக்காதா? காதால் கேட்டு எழுதும்போது தவறினால் அடிக்காதீர்கள். மொழி அப்படி.

வரலாறு எழுதாவிட்டால் கட்டுரை முழுமையாகாது என்பார்கள், ஒரு பத்தி தருகிறேன். பாபிலோனியர்கள் அறுபதை அடிப்படையாக வைத்து இடமதிப்பை ஆண்டார்கள். இந்தியர்களின் ஒன்பது குறிகளைக் கி.பி. 662-இல் சிரியாக் மொழி அறிஞர் செவெரஸ் செபோக்த் புகழ்ந்திருக்கிறார். குவாலியரின் 876-ஆம் ஆண்டுக் கோயில் கல்வெட்டில் 270-ம் 50-ம் வட்டச் சுழியத்தோடு வருகின்றன. 1202-இல் ஃபிபொனாச்சி இந்த முறையைப் பற்றி இத்தாலியில் புத்தகம் எழுதினார். ‘எல்லாம் நம் முன்னோர் கண்டது’ என்று வாட்ஸ்அப்பில் பெருமைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய தமிழ் எண்களில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் இருந்தன. 999-ஐ ௯௱௯௰௯ என்று ஐந்து குறிகளில் எழுதினார்கள். ஆயிரம் ௲ என்று ஒரே குறியில் முடிந்தது. ரோமானியர்களுக்கும் ஆயிரம் ஒற்றை எழுத்து. 888-க்குப் பன்னிரண்டு எழுத்துகள். ‘நீளமானது பெரியது’ என்ற விதியை அங்கே கொண்டுபோனால் உதை வாங்கும். காலி இடத்துக்கும் ஒரு சுழியம் எழுதி உட்காரவைத்த பிறகுதான் நீளத்தைப் பார்த்தே அளவைச் சொல்ல முடிந்தது. உங்கள் மகள் இளப்பமாகப் பார்த்த முட்டைகள் செய்யும் வேலை அதுதான்.

வரலாறு போதும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து ஒரு நிஜக் கணக்கு. தமிழ்நாடு 7,21,47,030. மத்தியப் பிரதேசம் 7,26,26,809. இரண்டிலும் எட்டு இலக்கங்கள். கோடியில் 7-ம் 7-ம், பத்து லட்சத்தில் 2-ம் 2-ம் சமம். லட்சத்தில் 1-க்கு எதிராக 6. முடிந்தது, மத்தியப் பிரதேசம்தான் பெரியது. ஆனால் கண் அங்கே நிற்கிறதா? அடுத்திருக்கும் 47 ஆயிரத்தையும் 26 ஆயிரத்தையும் ஒப்பிட்டு ‘நம்முடையது அதிகமோ’ என்று ஒரு கணம் சபலப்படும். ஜெர்மன் ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வொன்று இந்தச் சபலத்தை அளந்திருக்கிறது. 42-ம் 57-ம் கொடுத்தால் பெரியவர்கள் சட்டென்று பதில் சொல்கிறார்கள். 47-ம் 62-ம் கொடுத்தால் சற்றுத் தாமதம். இரண்டிலும் வித்தியாசம் 15-தான். இரண்டாவது ஜோடியில் பத்துகள் ஒரு பக்கமும் ஒன்றுகள் எதிர்ப்பக்கமும் இழுக்கின்றன. விதி தெரிந்த வளர்ந்த மூளையும் பார்க்கக் கூடாத இலக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிடுகிறது. ஒன்பது வயதுக்காரியிடம் மட்டும் கறார் காட்டுவது நியாயமில்லை.

நம் பலவீனம் எதிர்த்திசையிலும் உண்டு. ஜவுளிக்கடையில் சேலை 999 ரூபாய். இடது ஓரத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் நமக்குள் அவ்வளவு ஊறியிருப்பதால் அதை ‘ஆயிரத்துக்குள்ளே’ என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறோம். எப்போதும் ஒன்று குறையும் என்ற கணித உண்மையைப் பள்ளிக்கூடத்தைவிட நன்றாகப் புரிந்துகொண்டது விலைச்சீட்டு ஒட்டுபவர்தான்.

செயற்கை நுண்ணறிவு ஆசிரியர் வேலையைப் பறித்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஓர் ஆறுதல். 2024 ஜூலையில் உலகின் புகழ்பெற்ற உரையாடல் மென்பொருள்கள் சில, 9.9-ஐவிட 9.11 பெரியது என்று அடித்துச் சொன்னது செய்தியானது. பிள்ளைகளும் இதே தவறைச் செய்வார்கள், 11 என்பது 9-ஐவிடப் பெரியதுதானே என்று. முழு எண்களில் நீளத்துக்கு மரியாதை உண்டு. புள்ளிக்கு வலப்பக்கம் அந்த மரியாதை செல்லாது. காரணம் சொல்லாமல் விதியை மட்டும் ஊட்டினால் எல்லை தாண்டியதும் விதி காலைவாரும், மனிதனாக இருந்தாலும் இயந்திரமாக இருந்தாலும்.

அபாகஸ் வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். அதற்குமுன் செலவில்லாத ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். 0 முதல் 9 வரை பத்துச் சீட்டு எழுதிக் குலுக்குங்கள். ஆளுக்கு ஐந்து கட்டம் வரைந்துகொண்டு, ஒவ்வொரு சீட்டாக எடுத்து, எடுத்த எண்ணை உடனே ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். எழுதிய பின் மாற்றக் கூடாது. பெரிய எண் யாருக்கோ அவர் ஜெயித்தார். முதல் இரண்டு ஆட்டங்களில் அவள் 9-ஐ ஒன்றாம் இடத்தில் வீணடிப்பாள். மூன்றாவதில், முதலில் வந்த 6-ஐக் கையில் வைத்துக்கொண்டு, ‘இடது ஓரத்தில் போடலாமா, இன்னும் பெரியது வருமா’ என்று நகத்தைக் கடிப்பாள். இடமதிப்பு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள்.

பிறகு பழைய கேள்விக்குத் திரும்புங்கள். 9,899-ஐக் கையில் கொடுத்து, எவ்வளவு சேர்த்தால் 10,002 வரும் என்று கேளுங்கள். ஒன்று சேர்ப்பாள்: இரண்டு ஒன்பதுகள் கவிழ்ந்து 9,900. நூறு சேர்ப்பாள்: மீதி இரண்டு ஒன்பதுகளும் கவிழ்ந்து, அதுவரை இல்லாத ஐந்தாவது கட்டத்தில் ஒரு 1 எழும். இன்னும் இரண்டு. ஆக, 103. தடியர்கள் நால்வரும் எங்கே போனார்கள் என்று அவளையே கேளுங்கள். அந்த ஒல்லி 1-ஐக் காட்டினாள் என்றால், டியூஷன் டீச்சருக்கு நன்றி சொல்லிவிட்டு வகுப்புக் கட்டணத்தைக் கல்லாவிலேயே வைத்துக்கொள்ளலாம்.