பொன்னேர்: கரிசலின் முதல் உழவு

சித்திரை முதல் நாள் தமிழ்ப் புத்தாண்டு என்று பாடம் நடத்துகிறோம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் குழந்தைகளுக்கு அது பொன்னேர் பூட்டும் நாளும்கூட. அன்று ஊரார் கூடிக் காளைகளைக் குளிப்பாட்டிப் பொட்டு வைப்பர். கலப்பைக்குப் பூசை செய்து, ஒரே நிலத்தில் சேர்ந்து ஏர் ஓட்டுவர். நவதானியம் தூவி உழுது திரும்புவோர்மீது பெண்கள் மஞ்சள் நீர் ஊற்றுவர். இன்று பல ஊர்களில் காளைகளின் இடத்தில் டிராக்டர்கள் நிற்கின்றன.

"விதைப்பு புரட்டாசி, ஐப்பசியில்தானே? சித்திரையில் எதற்கு உழவு?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். விடை மண்ணில் இருக்கிறது. கரிசல் மழையில் உப்பும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். இங்கே பெரும்பாலும் மானாவாரிதான். வடகிழக்குப் பருவமழையே கதி. கோடை மழை ஈரத்தில் உழுதுபோட்டால் களைகளின் வேர் காயும், மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலில் மடியும், அடுத்த மழை ஓடிவிடாமல் உள்ளே இறங்கும். மழையை மட்டும் நம்பியவர்கள் ஆறு மாதம் முன்பே தயாராகும் நாள்தான் பொன்னேர்.

இந்த மண்ணில் ஊர்கள் பெருகியதற்கும் ஒரு வரலாறு உண்டு. தாமிரபரணிக் கரையில் நெல் வேளாண்மை வேரூன்றிப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகே, விஜயநகர, நாயக்கர் காலங்களில், கரிசலில் குடியேற்றம் மிகுந்தது. 1529-இல் மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆட்சி தொடங்கியது. பின்னர் 72 பாளையங்கள் அமைந்தன. தெலுங்கும் கன்னடமும் பேசிய குடிகள் தெற்கே வந்தனர். தக்காணத்திலும் கரிசல் உண்டு. அம்மண்ணில் பழகிய அனுபவம் இங்கும் கைகொடுத்தது. இக்குடியேற்றத்தையே இடைசெவல் கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' (1976) நாவலாக்கினார்.

ஆனால், இது ஆளில்லாத காடாக இருந்ததென்று சொல்லிவிடக் கூடாது. கழுகுமலையில் எட்டாம் நூற்றாண்டு வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன. வந்தவர்களும் முன்பே இருந்தவர்களும் சேர்ந்து உருவாக்கியதே இன்றைய கரிசல்.

வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, வகுப்பில் அதைச் சொல்லக் கூசுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே, சித்திரை விடுமுறைக்கு முந்தைய நாள் மாணவர்களிடம் மூன்று கேள்விகள் கொடுக்கலாம்: நம் ஊரில் பொன்னேர் எப்படி நடந்தது? முன்னோர் எங்கிருந்து வந்ததாகத் தாத்தா, பாட்டி சொல்கிறார்கள்? கலப்பை, காளை, விதை ஆகியவற்றுக்கு வீட்டில் வழங்கும் சொற்கள் என்ன? விடைகளைக் கரும்பலகையில் அருகருகே எழுதுங்கள். எல்லா மொழிச் சொற்களும் ஒரே மண்ணைப் பற்றியவை என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.