முதலாளியை மாற்றிய புரொபஸர்கள்!

மில் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்வார். பஸ் கண்டக்டர் செய்வார். வேலைநிறுத்தத்தைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிற புரொபஸர்களே ஒருநாள் கூண்டோடு வெளிநடப்பு செய்தால்? அமெரிக்காவில் செய்தார்கள், 2003-ல்!

'லேபர் ஹிஸ்டரி' என்று ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகை. பிறந்தது 1960-ல். சுரங்கத் தொழிலாளி, ரயில்வே தொழிலாளி, துணி ஆலைப் பெண்கள்... இவர்களெல்லாம் எப்படி வாழ்ந்தார்கள், எப்படிச் சங்கம் சேர்ந்தார்கள் என்று அலசுவதுதான் அதன் வேலை.

இந்த மாதிரிப் பத்திரிகைகளின் கணக்கைக் கேட்டால் தலை சுற்றும். கட்டுரை எழுதுகிறவருக்குப் பெரும்பாலும் சன்மானம்... சைபர். 'இது தேறுமா, தேறாதா' என்று படித்துப் பார்த்துச் சொல்லும் சக புரொபஸருக்கும் அதே சைபர். சரி, பத்திரிகையாவது இலவசமா? மூச்! அவருடைய யுனிவர்சிட்டி லைப்ரரியே சந்தா கட்டித்தான் வாங்கணும். நம்ம அரிசி, நம்ம உளுந்து, நாமே அரைச்ச மாவு... இட்லிக்கு மட்டும் ஹோட்டல் பில்!

அப்புறம் ஏன் எழுதுகிறார்கள் என்கிறீர்களா? வேலை நிரந்தரமாவதும் புரமோஷன் வருவதும் அச்சில் வந்த கட்டுரைகளைப் பொறுத்தாச்சே!

'லேபர் ஹிஸ்டரி'யை வெளியிட்டு வந்தது டெய்லர் அண்ட் ஃபிரான்ஸிஸ் என்ற பெரிய கம்பெனி. பத்திரிகையின் சுதந்திரம் யார் கையில் என்பதில் ஆசிரியர் குழுவுக்கும் கம்பெனிக்கும் உரசல் முற்றியது. எடிட்டர் லியான் ஃபிங்க் ராஜினாமா செய்தார். அவர் மட்டுமல்ல, குழுவில் ஏறக்குறைய எல்லோருமே கூடவே எழுந்து வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. டியூக் யுனிவர்சிட்டி பதிப்பகத்தோடு கைகோத்து, 2004-ல் 'லேபர்' என்று புதுப் பத்திரிகையே தொடங்கிவிட்டார்கள்.

அப்போ பழையது இழுத்து மூடியாச்சா? அதுதான் இல்லை! வேறு ஆசிரியரைப் போட்டு கம்பெனி அதைத் தொடர்ந்து நடத்தியது. புரொபஸர்கள் கையோடு கொண்டு வர முடிந்தது அவர்களுடைய உழைப்பை மட்டும்தான். பெயரும், 43 வருஷம் சேர்ந்த மதிப்பும் கம்பெனி வசமே தங்கிவிட்டன. தொழிலாளர் சரித்திரத்தில் அவர்கள் படித்த பழைய பாடம்தான்... இந்த முறை சொந்த அனுபவமாக!

'நான் போனா இந்த ஆபீஸே ஓடாது' என்று டீக்கடையில் சவால் விடும் நண்பர்களே... எல்லோரும் சேர்ந்து எழுந்து போனபோதுகூட, பழைய நாற்காலிகளுக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஆனால், சேர்ந்து போனதால்தான் வெளியே அவர்களால் புது நாற்காலிகள் போட முடிந்தது!